200 ரூபாய் அபராதத்தோடு முடியாத குற்றம்

"அப்பாவுக்குத்தான் அண்ணே, ஒரு சிகரெட்." பத்து வயதுப் பையன் பெட்டிக்கடையில் இப்படிக் கேட்பதும், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும் நம் ஊரில் சாதாரணம். ஆனால் சட்டப்படி அது குற்றம். யாருக்காக வாங்குகிறான் என்பதெல்லாம் கணக்கில் வராது. வாங்குபவருக்கு 18 வயது ஆகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடைக்காரருடையதுதான்.

2003-ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்வது இது. 'கோட்பா' என்றால் அதிகாரிகளுக்குப் புரியும். பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், பெரியவர்களுக்கும் விற்கக் கூடாது என்பதும் இதே பிரிவுதான். "கேட் அந்தப் பக்கம் இருக்கு சார்" என்பார்கள். கேட்டிலிருந்து அளப்பதில்லை, சுற்றுச்சுவரின் வெளி ஓரத்திலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். அப்புறம், 18 வயது ஆகாதவர் கடையில் இருந்து விற்கவும் கூடாது. லீவு நாளில் மகனைக் கல்லாவில் உட்கார வைப்பவர்கள் கவனிக்க.

சரி, தண்டனை? 200 ரூபாய் வரை அபராதம். இதைக் கட்டிவிட்டு மறுநாளே கடை திறப்பார்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொரு சட்டம் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, 77-வது பிரிவு. சிறுவர்களுக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். புகார் எழுதும்போது இந்தப் பிரிவையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

வேப், இ-சிகரெட் விஷயத்தில் வயதுப் பேச்சே இல்லை. 2019 முதல் நாடு முழுவதும் எந்த வயதினருக்கும் விற்கத் தடை; ஆன்லைனும் அடக்கம். "நிகோடின் கிடையாது, வெறும் ஃப்ளேவர்தான்" என்ற சமாதானமும் செல்லாது. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். விற்காமல் சரக்கைப் பதுக்கி வைத்திருந்தாலும் 6 மாதம் வரை உள்ளே போகலாம்.

புகாருக்கு 112, அல்லது சிறுவர் உதவி எண் 1098. பள்ளி அருகே என்றால் தலைமை ஆசிரியரிடமே முதலில் சொல்லுங்கள்; 6-வது பிரிவில் நடவடிக்கை எடுக்க அவருக்கே அதிகாரம் உண்டு. மேலே சொன்ன இரண்டு புகையிலைப் பிரிவுகளும் விற்பவர், கொடுப்பவர் மீதுதான் பாயும், வாங்கிய பிள்ளை மீது அல்ல. அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தால், விட உதவ 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.