கடலணங்கு

கும்பகோணம் புத்தகக் கண்காட்சியில் சின்னதாக ஒரு நூல் வாங்கினேன். பூம்புகார்க் கடலுக்கடியில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு கொடிய பிராணியைப் பற்றியது. எனக்கு ஊர் தரங்கம்பாடிப் பக்கம். நம் கடலைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே என்று பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன். மயிலாடுதுறை வருவதற்குள் மனசு விட்டுப்போயிற்று.

முதல் பக்கத்திலிருந்தே 'சீ மான்ஸ்டர்'. அலுத்துப்போன இடங்களில் 'கடல் அரக்கன்'. அட்டையில் வௌவால் இறக்கையும் பிளந்த நாக்குமாக ஒரு படம். அதை எந்த நாட்டுக் கடலில் விட்டாலும் நீந்தும். நூல் முழுக்க ஒரு மீனவர்கூட வாய் திறக்கவில்லை. புகார் கடலுக்குள் போனதற்கும் இந்தப் பிராணிதான் காரணமாம். மணிமேகலை சொல்வது வேறு. மகனை இழந்த துயரத்தில் சோழன் இந்திரவிழாவை மறந்தான், தெய்வத்தின் சாபத்தால் நகரைக் கடல் கொண்டது. 'கடல் கொண்டது' என்பதுதான் தமிழ் வழக்கு. விழுங்குவது கடல்தான், நடுவில் ஒரு மிருகம் தேவைப்படவில்லை.

குறை எங்கே தொடங்குகிறது என்று யோசித்தால், சொல்லில்தான் என்று படுகிறது. சொல்லைக் கடன் வாங்கியபோது பிராணியும் கூடவே வந்துவிட்டது.

'மான்ஸ்டர்' லத்தீனின் 'மான்ஸ்ட்ரம்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேர் 'மொனேரே', எச்சரித்தல் என்று பொருள். தெய்வம் மனிதருக்குக் காட்டும் விபரீத அடையாளத்தைத்தான் அந்தச் சொல் முதலில் குறித்தது. பின்னால்தான் அது அருவருப்பான உடம்பும் பெரிய பல்லுமாகச் சுருங்கியது. இந்தப் பழைய பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அரக்கன்' பொருந்தாது. வடமொழி ராட்சசன் பிராகிருத வழியே வந்து அரக்கன் ஆனான். நம் கதைகளில் அவனுக்கு மனித உருவம், வாழ்வது காட்டிலோ இலங்கையிலோ. 'பூதம்' என்றால், புகாரில் உண்மையிலேயே ஒரு பூதம் உண்டு. ஆனால் அது நிற்பது நாற்சந்தியில். பொய்த்தவம் செய்பவரையும் பொய்ச்சாட்சி சொல்பவரையும் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும் சதுக்கப் பூதத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அது ஊர்க்காவல், கடலோடு அதற்குச் சம்பந்தமில்லை. 'திமிங்கிலம்' வடசொல்: திமி என்ற பெருமீனையே விழுங்குவது என்று பொருள். இன்று அது உயிரியல் பெயராகிவிட்டது. தும்பிக்கையும் முதலை வாயுமாகக் கோயில் தோரணங்களில் இருக்கும் 'மகரம்' உருவத்தில் நெருங்கி வருகிறது. அதையும் நம்மவர்கள் சுறா என்றே தமிழாக்கினார்கள். தனித்தமிழில் தை மாதத்துக்குச் 'சுறவம்' என்று பெயர் வைத்ததும் மகர ராசியை வைத்துத்தான்.

அந்தச் சுறாவைப் பிடித்துக்கொண்டு போனால் நமக்கு வேண்டிய சொல் கிடைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைப் பற்றிச் சொல்கிறது:

'சினைச் சுறவின் கோடு நட்டு
மனைச் சேர்த்திய வல் அணங்கினான்'

சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் வலிமை மிக்க அணங்கை ஏற்றி வைத்து வணங்கினார்கள். அன்று முழுநிலா, அவர்கள் கடலில் வேட்டைக்குப் போகவில்லை. தாழம்பூச் சூடி, பனங்கள் குடித்து, மணல்பரப்பில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடலில் எதைக் கண்டு அஞ்சினார்களோ அதன் கொம்பையே வீட்டுக்குக் கொண்டுவந்து கும்பிட்டிருக்கிறார்கள்.

கொம்புள்ள சுறா என்றால் வேளா மீனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பார்க்கச் சுறா போல இருந்தாலும் அது திருக்கை இனம். மூக்கு ரம்பம் போல நீண்டு, இரு ஓரமும் பல் வைத்திருக்கும். எங்கள் பக்கத்து மீனவர் வீடொன்றின் சுவரில் ஒரு பழைய வேளாக் கொம்பைப் பார்த்திருக்கிறேன். என் கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல், தேன் நிறம். ஒரு பக்கம் இருபத்திரண்டு பல் எண்ணினேன், மறுபக்கம் இரண்டு உடைந்திருந்தன. அடிப்பாகத்தில் மஞ்சள் அப்பி, நடுவில் குங்குமம். "தொடாத தம்பி, குளிச்சிட்டு வந்து தொடு" என்றார் அந்தப் பெரியவர். அவருடைய அப்பா காலத்துக் கொம்பாம். இப்போது வேளா சட்டப்படி பிடிக்கக் கூடாத மீன், அரிதாகியும் விட்டது. பட்டினப்பாலை வரிக்கு அந்தச் சுவரைவிட நல்ல உரையை நான் பார்த்ததில்லை.

அணங்கு என்பது வினையாகவும் வரும். அணங்குதல் என்றால் வருத்துதல், வருந்துதல். பெயராக நின்றால் வருத்தும் தெய்வம், ஒரு மலையிலோ நீரிலோ பொருளிலோ குடிகொண்டிருக்கும் அச்சம் தரும் ஆற்றல். அச்சத்துக்குக் காரணம் நான்கு என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்: 'அணங்கே விலங்கே கள்வர் தம் இறை'. இதில் அணங்கு வேறு, விலங்கு வேறு. கடலுக்கே இந்த அடைமொழி உண்டு. அகநானூறு 207ஆம் பாட்டு 'அணங்குடை முந்நீர்' என்றே தொடங்கி, உப்பளத்தில் விளையும் உப்பை 'வெண்கல் அமிழ்தம்' என்கிறது. வேதாரண்யத்து உப்பளங்களின் வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே மூச்சில் வருவது புரியும். அமுதும் அங்கேதான், அணங்கும் அங்கேதான்.

அப்புறம் பொருள் இளகியது. 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று வள்ளுவர் பெண்ணைப் பார்த்துத் திகைக்கும்போது அச்சமும் அழகும் கலந்திருக்கின்றன. பிற்பாடு அழகு மட்டும் தங்கியது. 'தமிழணங்கே' என்று பாடி வளர்ந்த நமக்கு அணங்கு என்றால் பெண்தான். அதனால்தான் 'கடலணங்கு' என்றதும் கடற்கன்னி நினைவுக்கு வரக்கூடும். அந்த மயக்கம் ஒரு குறைதான், மறுக்கவில்லை. முதல் முறை எழுதும்போது 'கடலில் உறையும் அணங்கு' என்று விரித்துவிட்டால் போதும்.

லத்தீன்காரர்கள் தெய்வ எச்சரிக்கை என்ற பொருளில் வைத்திருந்த சொல்லுக்கு, எனக்குத் தெரிந்து இதைவிடப் பக்கத்தில் வரும் தமிழ்ச்சொல் இல்லை. கும்பிடவும் பயப்படவும் ஒருசேரத் தோன்றும் ஒன்றுக்குக் கடலணங்கு. வெறும் பல்லும் வாலும்தான் என்றால் கடல் விலங்கு.

என் பிரதியில் 'மான்ஸ்டர்' வரும் இடமெல்லாம் பென்சிலால் அடித்து மாற்றி எழுதிக்கொண்டு வருகிறேன். நாற்பது பக்கம் முடிந்திருக்கிறது. இதுவரை எல்லா இடத்திலும் 'விலங்கு' என்றுதான் எழுத முடிந்தது.