சான்றிதழுக்குப் பிறகான முதல் ஆண்டு: நடத்தைப் பகுப்பாய்வாளருக்கு ஏன் ரெசிடென்சி வேண்டும்?

குழந்தைகளின் சிக்கலான நடத்தைக்குக் காரணம் கண்டு, அதை மாற்றத் திட்டம் எழுதுபவர் நடத்தைப் பகுப்பாய்வாளர். சான்றிதழ்த் தேர்வில் தேறிய கையோடு பத்துப் பன்னிரண்டு குழந்தைகளின் திட்டங்களையும், அவற்றைக் குழந்தைகளிடம் நேரடியாக நடத்தும் பணியாளர்களான டெக்னீஷியன்களின் மேற்பார்வையையும் புதியவர் ஒருவர் தலையில் கட்டிவிடுவது நம் துறையில் வழக்கமாகிவருகிறது. இதன் விலையைக் கொடுப்பவர்கள் குழந்தைகள்.

களப்பயிற்சி முடித்துத்தானே வந்தார் என்று கேட்கலாம். அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியத்தின் 2022 விதிகளின்படி, வழக்கமான களப்பயிற்சி 2000 மணி நேரம். அதில் மேற்பார்வைக்குரிய பங்கு குறைந்தது 5 விழுக்காடு, அதாவது சுமார் 100 மணி நேரம். அப்போதும் திட்டத்துக்குப் பொறுப்பு வேறொருவருடையது. தானே முடிவெடுத்து, அதற்குத் தானே பொறுப்பேற்பதை அந்தப் பயிற்சி பழக்குவதில்லை. சான்றிதழுக்குப் பிறகு மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் படிப்படியாகப் பொறுப்பேற்கும் காலமே ரெசிடென்சி; அது நிரப்ப வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு மூன்று குழந்தைகளோடு தொடங்குவது நல்லது. முதலில் மூத்தவர் மதிப்பீடு செய்ய, புதியவர் கூடவே தரவு எடுக்கட்டும். அடுத்து புதியவர் முன்னின்று நடத்த, மூத்தவர் நேரில் பார்க்கட்டும். பிறகுதான் தனியே விடலாம். ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதற்காக அடுத்த கட்டத்துக்கு அனுப்பக் கூடாது; திறனைக் கண்ணால் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். விளக்குவது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, திருத்திச் சொல்வது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் பயிற்சி. பல இடங்களில் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. செய்முறையின் படிகளில் 90 விழுக்காடாவது சரியாக வர வேண்டும், அதுவும் இரு வேறு குழந்தைகளிடம் என்று எல்லை வைத்துக்கொள்வது நியாயமாகப் படுகிறது.

தரவு விஷயத்தில் கண்டிப்பு தேவை. ஒரே குழந்தையை ஒரே நேரத்தில் பார்க்கும் இருவரில், ஒரு நடத்தை பத்து நிமிடத்தில் 20 முறை நடந்தது என்று ஒருவரும் 18 முறை என்று மற்றவரும் எழுதினால், ஒத்திசைவு, அதாவது இரு எண்ணிக்கையும் பொருந்தும் அளவு, 90 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில் ஒருவர் 15, மற்றவர் 5 என்று எண்ணியிருந்தால்? இருவரும் வேறு வேறு நடத்தைகளை எண்ணியிருக்கலாம். நடத்தையின் வரையறையே தெளிவாக இல்லாதிருக்கலாம். நிமிடவாரியாக ஒப்பிட்டால்தான் இது வெளியே வரும்.

நடத்தையின் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடக் கோடு இறங்காவிட்டால் உடனே திட்டத்தை மாற்றுவது புதியவர்களிடம் அதிகம் காணும் பிழை. குழந்தை முறையாகக் கேட்டால் இடைவேளை தர வேண்டும் என்பது திட்டம் என்று வைத்துக்கொள்வோம். அப்படிக் கேட்ட 10 தடவையில் 6 தடவைதான் இடைவேளை கிடைத்தது என்றால், திட்டம் தோற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. எழுதியபடி அது இன்னும் நடக்கவேயில்லை. முதலில் டெக்னீஷியனுடன் உட்கார்ந்து, எந்தப் படி ஏன் தவறுகிறது என்று பாருங்கள்.

திடீரென்று தலையில் அடித்துக்கொள்ளும் குழந்தைக்கு காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு உண்டா என்று மருத்துவர் பார்த்தாரா? நடத்தையின் காரணத்தை ஆராயும் முன் இது முடிந்திருக்க வேண்டும். வலுவூட்டலை, அதாவது அந்த நடத்தைக்குப் பலனாகக் கிடைத்துவந்ததை, நிறுத்தும்போது நடத்தை சில நாள் தீவிரமடையக்கூடும். அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி, பாதுகாப்புத் திட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்தும் நடத்தையில் வலுவூட்டலை நிறுத்துவதைப் புதியவர் தனியாகத் தொடங்கவே கூடாது. "இது என் திறனுக்கு அப்பாற்பட்டது" என்று பெற்றோரிடமும் நிர்வாகத்திடமும் சொல்வதைக்கூட மூத்தவரை எதிரில் உட்கார வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். அந்த வாக்கியம் தானாக வாயில் வராது.

வேலை மும்முரத்தில் முதலில் ரத்தாவது மேற்பார்வை நேரம்தான். ஆகவே வேலைக்குச் சேருமுன் கேளுங்கள்: முதல் மூன்று மாதத்தில் என் பொறுப்பில் எத்தனை குழந்தைகள்? மூத்தவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என் பணியை நேரில் பார்ப்பார்? அந்த நேரம் அவருடைய வேலைக்கணக்கில் சேர்கிறதா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.