நண்பர் வீட்டுக் கூடத்தில் ஜாஸ்: ஆள் சேரச் சேர ஒலி ஏன் மாறுகிறது?

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன். கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி உள்ளறைக்கு இழுத்துக்கொண்டிருந்தார் அவர். பியானோ ஏற்கெனவே அந்த வீட்டில் இருப்பதுதான். டபுள் பேஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) வாசிப்பவரும் டிரம்ஸ் வாசிப்பவரும் அப்போதுதான் வந்திருந்தார்கள். டிரம்ஸ்காரர் கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கைதட்டினார். அந்தச் சத்தம் இரண்டு சுவர்களுக்கும் நடுவே மாறி மாறித் துள்ளி, தகரத்தை உரசியதுபோல 'டிர்ர்ர்' என்று இழுத்து அடங்கியது. முகத்தைச் சுளித்தவர், "ஆட்கள் வந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு, குச்சிகளைப் பையிலேயே விட்டு, கம்பி பிரஷ்களை எடுத்து வைத்தார்.

ஆட்கள் வந்தால் ஏன் சரியாக வேண்டும்? இந்தக் கேள்விக்கு முதன்முதலில் கணக்குப் போட்டு விடை சொன்னவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் கிளெமென்ட் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் ஒன்று பயன்படாமல் கிடந்தது. பேசிய சொல் ஐந்தரை விநாடி மண்டபத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைப் பேசிவிடுவார், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சபைன் இரவு நேரங்களில் அதே பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அந்த மண்டபத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் காதுக்குக் கேட்காமல் போகும்வரை எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் குறித்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. ஒலியை எவ்வளவு விழுங்குகிறது என்பதை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராதல்லவா!

உடுப்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். நண்பரின் கூடம் தோராயமாக 6 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம். கம்பளம் இல்லாத அந்த அறையில் எதிர்முழக்கம், அதாவது சத்தத்தை நிறுத்தியபின் அதன் மிச்சம் அடங்கும் நேரம், சுமார் ஒரு விநாடி இருக்கும் என்று சபைனின் சூத்திரப்படி கணக்கிடலாம். அதில் 25 பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தால் அது அரை விநாடிக்கு இறங்கிவிடும். கோட்டும் கம்பளிச் சட்டையும் போட்ட குளிர்காலக் கூட்டமென்றால் இன்னும் நல்லது.

இந்த அரை விநாடி ஜாஸுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைத்தான் எனக்குச் சொல்ல ஆசை. ஜாஸின் உயிர்நாடி ஸ்விங். தாளத்தின் ஒரு தட்டை இரண்டாகப் பிரிக்கும்போது சரிபாதியாக வெட்டாமல், முன்பாதியை நீட்டிப் பின்பாதியைக் குறுக்குவது. 'டிங்... டிங்க-டிங்' என்று சிம்பலில் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தகட்டில்) விழுமே, அதில் வரும் அந்தச் சின்ன 'க'தான் விஷயம். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஃப்ரிபெரியும் ஆண்ட்ரியாஸ் சுண்ட்ஸ்ட்ரோமும் பெயர்பெற்ற டிரம்மர்களின் ஒலிப்பதிவுகளை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். நிதானமான வேகத்தில் முன்பாதி பின்பாதியைப்போல மூன்றரை மடங்குவரை நீள்கிறது. வேகம் ஏற ஏற இரண்டும் சமத்தை நெருங்குகின்றன. நடுத்தர வேகத்துக்கு மேலே போனால் அந்தக் குறுகிய பாதி மட்டும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கிறது.

பத்தில் ஒரு விநாடி! சுமார் 1.9 விநாடி முழங்கும் பாஸ்டன் சிம்பொனி ஹாலில் அந்த நேரத்துக்குள் ஒலி பாதியாகத்தான் குறைந்திருக்கும். (இந்த அரங்கமும் சபைனின் ஆலோசனையோடு கட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்டதுதான். வயலின்களுக்கு அது சொர்க்கம்.) முந்தைய ஓசையின் மிச்சம் பாதிக்குப் பாதி தேங்கி நிற்கும்போது அடுத்த நுணுக்கமான தட்டு அதில் மூழ்கிப்போகும். அரை விநாடி முழங்கும் கூடத்திலோ, அதே நேரத்தில் பழைய ஒலி பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிரஷ் தோலை வருடும் 'ஷ்ஷ்' கூடத் தனியாகக் காதில் விழும்.

வீட்டில் கிட்டத்தில் இருந்து கேட்பதால் வாத்தியத்தின் ஒலி நேராகக் காதுக்கு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. இவ்வளவு சின்ன அறையில் வாத்தியத்தை விட்டு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே, நமக்கு வருவதில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டு வருவதுதான். ஆனால் அது உடனே வந்துவிடுகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவரில் பட்டு வரும் ஒலிக்கு 3 மீட்டர் கூடுதல் தூரம் என்றால், அது 9 மில்லி விநாடி பின்தங்கும். இவ்வளவு சீக்கிரம் வரும் பிரதிபலிப்பை மூளை தனி ஒலியாக எண்ணுவதில்லை; முதல் ஒலியோடு சேர்த்துவிடுகிறது. பியானோ பியானோ இருக்கும் இடத்திலிருந்தே கேட்கிறது, கொஞ்சம் கனமாக. பெரிய அரங்கின் பின்சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலிக்கு இந்தச் சலுகை கிடையாது.

வாசிப்பவர்களுக்கும் இதே தூரக் கணக்கு உண்டு. ஸ்டான்ஃபோர்டில் கிரிஸ் சேஃப் குழுவினர் இரண்டிரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒருவர் கைதட்டுவது மற்றவருக்குச் சற்றுத் தாமதமாகக் கேட்கும்படி செய்து பார்த்தார்கள். தாமதம் சுமார் 11.5 மில்லி விநாடிக்கு மேல் போனால் தாளம் இழுபட்டு மெதுவாகிறது. அதற்குக் கீழே இருந்தால் லேசாக வேகம் பிடிக்கிறது. 11.5 மில்லி விநாடி என்பது ஒலி சுமார் 4 மீட்டர் கடக்கும் நேரம். நண்பர் வீட்டில் மூவரும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கி இருந்தார்கள். பியானோக்காரர் புருவத்தைத் தூக்கினால் போதும், டிரம்ஸ்காரர் அடுத்த நான்கு பார்களை (தாளச் சுற்றுகளை) வாங்கிக்கொள்வார். இந்த நெருக்கத்தை எந்த ஒலிபெருக்கியாலும் தர முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், டபுள் பேஸ். முதல் அரை மணி நேரம் நான் கூடத்தின் நட்டநடுவில் தரையில் இருந்தேன். பேஸின் தடித்த கம்பியில் விரல் பட்டு இழுபடும் 'தப்' தெளிவாகக் கேட்டது, ஆனால் அதற்குக் கீழே இருக்க வேண்டிய ஆழம் இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்து பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றேன். அதே சுரம் இப்போது நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கியது.

காரணம் அறையின் அகலம். பேஸின் மிகக் கீழான திறந்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 8.3 மீட்டர், பாதி 4.15 மீட்டர். கூடத்தின் அகலம் கிட்டத்தட்ட அதேதான். அந்த அலை இரண்டு சுவர்களுக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தி நிலை அலையாகிவிடுகிறது. சுவரோரம் அழுத்த மாற்றம் உச்சத்தில் இருக்கும், சரி நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. நடுவில் இருந்தபோதும் சுருதி தப்பாமல் கேட்டதற்குக் காரணம் மூளை: 82, 123 என்று மேலே அடுக்கி வரும் துணை அதிர்வுகளைக் கொண்டு, இல்லாத 41ஐ அது தானே நிரப்பிக்கொள்கிறது. ஆழத்தை மட்டும் அதனால் உண்டாக்க முடியாது. கூட்டத்தின் உடுப்பும் இவ்வளவு தாழ்ந்த ஒலியை விழுங்குவதில்லை. எனவே வீட்டுக் கச்சேரிக்குப் போனால் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். நான்கடி நகர்ந்தால் வேறு பேஸ் கேட்கும். மரத்தரையென்றால் செருப்பைக் கழற்றிவிடுங்கள். பேஸின் ஊன்றுகம்பி வழியாக இறங்கும் அதிர்வு உள்ளங்காலில் குறுகுறுக்கும்.

இதையெல்லாம் கணக்குப் போடாமலே செய்துவந்தவர்கள் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920களில் வாழ்ந்தவர்கள். அங்கே குடியிருந்த கறுப்பின மக்களிடம் வீட்டு உரிமையாளர்கள் வாடகையைத் தீட்டித் தள்ளினார்கள். மாதக் கடைசியில் வாடகைக்குப் பணம் சேர்க்கக் குடியிருந்தவர்கள் வீட்டிலேயே விருந்து வைத்து, வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விட்டார்கள். மேசை நாற்காலியை ஒதுக்கி, கம்பளத்தைச் சுருட்டி, கூடத்தை ஆட்களால் நிரப்பினார்கள். பேஸுக்கும் டிரம்ஸுக்கும் இடமில்லை. ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர், வில்லி 'தி லயன்' ஸ்மித் போன்ற பியானோக்காரர்களின் இடது கை அந்த இரண்டு வேலையையும் பார்த்தது: ஒன்றாம் மூன்றாம் தட்டில் அடிமட்டச் சுரம், இரண்டாம் நான்காம் தட்டில் தாவிப்போய் ஒரு கொத்துச் சுரம். ஸ்ட்ரைடு என்று இதற்குப் பெயர். சுவரோரம் போட்ட அப்ரைட் (நெட்டாக நிற்கும்) பியானோவின் ஒலிப்பலகை அதன் முதுகுப்புறம் இருப்பதால், பின்னால் உள்ள சுவர் அந்த அடிமட்டச் சுரங்களுக்குக் கூடுதல் பலம் கொடுக்கும்.

குவீன்ஸில் கச்சேரி முடிய இரவு பதினொன்றாகிவிட்டது. கூட்டம் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கியது. நான் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருந்தேன். பியானோக்காரர் மூடியைச் சாத்துமுன் நின்றபடியே ஒரு கொத்துச் சுரத்தை அழுத்தி எடுத்தார். அரை மணி நேரத்துக்கு முன் சட்டென்று உலர்ந்துபோன அதே கொத்து, வெறும் அறையில் இப்போது இன்னொரு மடங்கு நீளத்துக்கு நின்று கரைந்தது. டிரம்ஸ்காரர் தலையைத் திருப்பிக் கேட்டுவிட்டு, சிம்பலைக் கழற்றினார். நண்பர் கம்பளத்தை எடுக்க உள்ளே போனார்.