முகப்பிசைக்கு இடம்பெயர்ந்த சிரிப்பு

பாளையங்கோட்டையில் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் தொடக்க ஆண்டுப் பகுதிகளைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த எனக்கு, பிந்தைய பகுதிகளில் முறுவல்கூட வருவதில்லை, ஆனால் பிந்தைய பகுதிகளிலிருந்தே பார்க்கத் தொடங்கிய என் தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். சரக்குத் தீர்ந்தது தொடருக்கா, எனக்கா?

1989 டிசம்பரில் அரைமணி நேரத் தொடராகத் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி அது. இடையில் எழுத்தாளர்கள் மாறினார்கள், கதைகள் தீர்ந்தன என்பதெல்லாம் உண்மைதான். உச்சத்தைத் தொட்ட எதுவும் அடுத்தடுத்த முறைகளில் சராசரியை நோக்கிச் சரிவது புள்ளியியலின் இயல்பு என்பதும் உண்மை. அந்தச் சரிவைத்தான் நம் ஊரில் கண்ணேறு என்று பெயர் சூட்டி, நல்ல பூசணிக்காயை நடுத்தெருவில் உடைத்து, இரு சக்கர வண்டிகளைச் சறுக்கி விழவைக்கிறோம். ஆனால் இவை எதுவும் தம்பியின் சிரிப்பை விளக்குவதில்லை.

அதற்கு மூளைக்குள் போக வேண்டும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இதே தொடரின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மூளைகள் காந்த அதிர்வு வரைவி (எம்.ஆர்.ஐ.) மூலம் பதிவு செய்யப்பட்டன. நகைச்சுவையைப் புரிந்துகொள்ளும்போது மூளையின் சில பகுதிகளும், அதை ரசிக்கும்போது வேறு சில பகுதிகளும் செயல்பட்டன. ஆகவே, ஒரு துணுக்கை முழுமையாகப் புரிந்துகொண்டும் சிரிக்காமல் இருப்பது சாத்தியமே.

ரசனை எப்படி வற்றுகிறது என்பதற்கு ஒரு துப்பு, சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபோர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில் இருக்கிறது. நடுமூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் மின் துடிப்பை மெல்லிய மின்முனையால் அவர் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு நாவில் விழுந்தால் அந்த அணுக்கள் படபடவெனத் துடித்தன. சாற்றுக்குச் சற்று முன்பு ஒரு விளக்கை எரியச்செய்து, அதையே பலமுறை திரும்பச் செய்தபோது, துடிப்பு சாற்றை விட்டு விளக்குக்கு இடம்பெயர்ந்தது. விளக்கு எரிந்ததுமே அணுக்கள் துடித்தன, பின்பு சாறு வந்தபோதோ வழக்கமான மந்த நடையிலேயே இருந்தன. அதே சாறு, அதே நாக்கு, ஆனால் துடிப்பு இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அந்த அணுக்கள் அளப்பது கிடைத்த இன்பத்தை அன்று, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையிலான வேறுபாட்டை என்பதை ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேகு ஆகிய மூவரும் 1997இல் ‘சயன்ஸ்’ இதழில் கணிதமாகவே எழுதிக் காட்டினர். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கட்டுரை அது.

குரங்குக்குப் பழச்சாறு கொடுக்கவா பொதுப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. போதைப் பழக்கத்தைப் புரிந்துகொள்ளும் வழியை அந்த ஆய்வு திறந்துவிட்டது. கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு கணக்குமுறை மூளைக்குள்ளும் ஓடுகிறது என்றும் காட்டியது. உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாம், உடனடிப் பயன் என்ன என்று கேட்டே இத்தகைய கேள்விகளை முளையில் கிள்ளிவிடுகிறோம் என்பது என் நெடுநாள் குறை.

தொடருக்கு வருவோம். குரங்கின் விளக்குக்கு இங்கே ஈடானவை முகப்பிசையும் பாத்திரங்களின் முகங்களும் என்பது என் ஊகம்; இசையைக் கேட்டதும் மாணவிக்கு இன்னும் மகிழ்ச்சி எழக்கூடும், துணுக்கு வரும்போதுதான் எதுவும் நிகழ்வதில்லை. கார்ட்டூனில் இது கூடுதலாக நேர்வதற்குக் காரணம் உண்டு. சிம்ப்சன் வீட்டுச் சிறுவன் பார்ட்டுக்கு என்றைக்கும் 10 வயது. வளர்ந்து, குணம் மாறி, நம் கணிப்பைப் பொய்யாக்க அவனால் முடியாது. பக்கத்து வீட்டு நெட் ஃப்ளாண்டர்ஸ் தொடக்கத்தில் நல்ல குணங்கள் பலவும் சேர்ந்த மனிதர், பக்தி அவற்றுள் ஒன்று. ஆண்டுகள் போகப்போக அந்த ஒன்றே அவராகிவிட்டது. சிரிப்பைக் கூட்டுவதற்காக ஒரு குணத்தை ஊதிப் பெருக்கும் எழுத்தாளர், அந்தப் பாத்திரம் அடுத்து என்ன சொல்லும் என்பதை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

அப்படியானால் நெல்லைச் சீமைக் கோயில் கொடை விழாக்களில் ஆண்டுதோறும் அதே சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்கும் கூட்டம் ஏன் நள்ளிரவிலும் சிரிக்கிறது? கதைதான் பழையது, வில்லடிப்பவருக்கும் ‘ஆமா’ போடும் குடக்காரருக்கும் இடையே, முன்வரிசையில் தூங்கி விழுபவரையும் அன்றைய ஊர்ச் செய்தியையும் இழுத்துவந்து நடக்கும் கிண்டல், அந்த நிமிடத்தில் பிறப்பது. கார்ட்டூன் தொடர்களிலும் 1997இல் தொடங்கிய ‘சவுத் பார்க்’ ஒரு பகுதியை ஏறத்தாழ ஆறே நாளில் முடித்து, அந்த வாரத்துச் செய்தியையே பகடி செய்துவிடும். சிம்ப்சன்ஸின் ஒரு பகுதி உருவாகப் பல மாதங்கள் பிடிக்கும்.

தம்பியிடம் அந்தக் கணிப்பு இன்னும் உருவாகவில்லை, அவ்வளவே. தொடரின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய விரும்பினால், இத்தொடரையே பார்த்திராத தோழியர் சிலரை அழைத்து, பாதிப் பேருக்குப் பழைய பகுதியை முதலிலும், மீதிப் பேருக்குப் புதிய பகுதியை முதலிலும் காட்டி, சிரிப்புகளை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அவர்களைத் தனித்தனியே அமர்த்த வேண்டும். சேர்ந்து அமர்ந்தால் ஒருவர் சிரிப்பு மற்றவரைத் தொற்றிக்கொண்டு எண்ணிக்கையைக் கெடுத்துவிடும்.