இனவரைவுப் படம்: சொல்லும் பொருளும்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் கேமராவோடு வந்து இறங்குவோரை யாரும் ஆவணப்பட இயக்குநர் என்பதில்லை. ‘படம் புடிக்கறவங்க வந்திருக்காங்க’ என்பதே பேச்சு. அவர்களுள் துரியோதனன் வீழும் இறுதி நிகழ்ச்சியான படுகளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அன்றே திரும்புபவர் உண்டு. ஊரோடு தங்கி, கூத்தர் ஒப்பனைக்கான முத்துவெள்ளைப் பொடியைக் குழைப்பதிலிருந்து விடியலில் வேடக்கட்டு அவிழ்ப்பது வரை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்பவரும் உண்டு. இரண்டாமவர் எடுப்பதே இனவரைவியல் ஆவணப்படம்.

‘எத்னோகிராஃபி’ என்பது மக்களைக் குறிக்கும் ‘எத்னோஸ்’, எழுதுதலைக் குறிக்கும் ‘கிராஃபியா’ ஆகிய கிரேக்கச் சொற்களின் கூட்டு. இதற்கு ஈடான இனவரைவியலில் உள்ள இனத்தைச் சாதி என்று குறுக்கிவிடக் கூடாது. ‘சிற்றினம் சேராமை’ என்னும் குறள் அதிகாரத்தில் அச்சொல் கூடிப் பழகும் கூட்டத்தையே குறிக்கிறது. வரைதலோ, கிரேக்கச் சொல்லைப் போலவே, எழுதுவதையும் தீட்டுவதையும் ஒருங்கே சுட்டும். (அகத்திணையில் வரைவு என்றால் திருமணம், அது வேறு கதை.) ‘இயல்’ துறையைக் குறிப்பது, படம் துறையன்று, வரைவே ஆகும். ஆதலால் ‘இனவரைவுப் படம்’ என்பதே போதும் என்பேன்.

‘டாக்குமெண்டரி’யின் வேர், கற்பித்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. 1926இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் படமொன்றைப் பற்றி எழுதிய ஜான் கிரியர்சன் அச்சொல்லைக் கையாண்ட பிறகே அது திரைத்துறையில் பரவியது. இலங்கைத் தமிழர் விவரணப்படம் என்பர். தமிழ்நாட்டில் ஆவணப்படம் நிலைத்தது. ஆனால் ஆவணம் என்பது நமக்கு முதலில் உரிமைப் பத்திரம். பெரியபுராணத்தில், முதியவர் நீட்டிய ஆளோலையை, அதாவது அடிமைப் பத்திரத்தை, சுந்தரர் கிழித்தெறிந்தும் பயனில்லை; கிழிந்தது படியோலைதான், மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. ஆவணம் என்றாலே, அது யார் கையில் இருக்கிறது என்பதும் கேள்விதான்.

அக்கேள்வியைத் தம் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் பிரெஞ்சு இனவரைவுப் பட இயக்குநர் ழான் ரூஷ். 1917இல் பாரிசில் பிறந்து, 1941இல் சாலைப் பொறியாளராக நைஜர் சென்ற அவர், 2004இல் அந்நாட்டிலேயே சாலை விபத்தில் இறந்தார். தாம் எடுத்த நீர்யானை வேட்டைப் படத்தை, வேட்டையாடிய மீனவருக்கே அவர் திரையிட்டபோது, பின்னணியில் ஒலித்த பாட்டைக் கேட்டு அவர்கள் மறுத்தார்கள்: வேட்டையில் ஓசை எழுந்தால் நீர்யானை ஓடிவிடும் அல்லவா? ரூஷ் அந்தப் பாட்டை நீக்கினார்.

எங்கள் பக்கத்தில் துரியோதனன் வேடம் கட்டும் ஒருவர் என்னிடம் சொன்னார்: ‘மூணு தடவ வந்து புடிச்சிட்டுப் போனாங்க சார். ஒரு காப்பி குடுத்தா பேரப் பசங்களுக்குக் காட்டலாம்.’ மூலவோலை எந்த ஊரில் இருக்கிறதோ, படியோலைகூட அவருக்கு வந்து சேரவில்லை.