ரேமன் நூடுல்ஸுக்கு மஞ்சள் நிறமும் துள்ளலும் எப்படி வருகின்றன?

ஜப்பானில் ரேமன் என்ற நூடுல்ஸ் சூப்பைச் சாப்பிட்டு வந்து வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சூப்போடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் சூப் கிட்டத்தட்ட அதே ருசிக்கு வந்துவிடும். நூடுல்ஸ் மட்டும் இரண்டே நிமிடத்தில் தளர்ந்து கிண்ணத்தின் அடியில் படுத்துவிடும். அங்கே சாப்பிட்டபோது பல்லில் பட்டதும் துள்ளிய இழை இதுவல்ல.

மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பலரும் முட்டை சேர்க்கிறார்கள். முட்டையே சேராத ரேமனும் மஞ்சளாகத்தான் இருக்கும். காரணம் கன்சுய் என்ற கார உப்பு. காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிக் காரம். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் இரண்டும் கலந்தது கன்சுய். நூடுல்ஸைப் போலவே இதுவும் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. 1910இல் டோக்கியோவின் அசகுசாவில் திறந்த ராய்ராய்கென் போன்ற கடைகள் வழியாக அந்த நூடுல்ஸ் மக்களிடம் பரவியது.

கோதுமை மாவில் ஃபிளேவோன் என்ற நிறமிகள் மிகக் குறைந்த அளவில் உண்டு. சாதாரண நீரில் பிசைந்தால் அவற்றுக்கு நிறமில்லை. காரம் பட்டதும் மஞ்சளாகின்றன. துள்ளலைத் தருவது குளூட்டன், அதாவது கோதுமை மாவின் புரத வலை. குளூட்டன் புரதங்களில் கந்தக முனைகள் இருக்கின்றன. காரச் சூழலில் இவை ஹைட்ரஜனை இழந்து, பக்கத்துப் புரத இழைகளோடு பிணைப்பை மாற்றிக்கொள்ளத் தயாராகின்றன. வலை இறுகுகிறது, கொதிநீரிலும் சூடான சூப்பிலும் எளிதில் குழைவதில்லை.

கன்சுய் கிடைக்காவிட்டால் சமையல் சோடா போதும். ஆனால் அதை அப்படியே போடக் கூடாது. சமையல் சோடா கரைந்த நீரின் பி.எச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு; 7க்கு மேல் போகப் போகக் காரம் கூடும்) சுமார் 8.3தான், மென்காரம். போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போனால் நூடுல்ஸ் உப்புக்கரித்துச் சோப்பு வாடை அடிக்கும். சமையல் சோடாவைச் சுட்டால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, பி.எச் 11ஐ எட்டக்கூடிய சோடியம் கார்பனேட் மிஞ்சும்.

100 கிராம் சமையல் சோடாவைத் தட்டில் மெல்லப் பரப்பி, 130 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லையென்றால் அகலமான எவர்சில்வர் வாணலியில் மிதமான தீ. சிறிது நேரத்தில் காய்ந்த தூள் தண்ணீர் போலத் தளதளவென்று கொதிக்கும். உள்ளிருந்து கிளம்பும் வாயு துகள்களைத் தூக்கிவிடுவதால் அப்படி. கொதிப்பு அடங்கும்வரை கிளறுங்கள். வேலை முடிந்ததா என்பதைத் தராசு சொல்லிவிடும்: 100 கிராம் 63 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். 75 கிராம் நின்றால் இன்னும் சுட வேண்டும். இந்தத் தூள் தோலையும் கண்ணையும் எரிக்கும், ஈரக்கையால் தொடாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவும் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். காற்றுப் புகாத புட்டியில் போட்டு, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்வைக்குப் பழைய சோடாவேதான்.

மூன்று பேருக்கு 300 கிராம் மைதா, 114 கிராம் தண்ணீர், 4 கிராம் சுட்ட சோடா, 3 கிராம் உப்பு. மாவுப் பொட்டலத்தில் 100 கிராமுக்குப் புரதம் 11 கிராமாவது இருக்கிறதா பாருங்கள். 10 கிராம்தான் என்றால் 8 கிராம் குளூட்டன் மாவு சேர்க்கலாம். சோடாவைத் தண்ணீரில் தூவிக்கொண்டே கலக்குங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது கல்லாக இறுகி அடியில் ஒட்டிக்கொள்ளும். கரையாத அந்தத் துணுக்குகள் பின்னால் மாவில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தெளிந்த பிறகு உப்பு.

நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசிறினால் மாவு உருண்டு சேராது, ஈரமணல் போல உதிரியாகவே நிற்கும். இங்கேதான் பலர் பயந்து தண்ணீரைக் கூட்டிக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். இதுதான் சரியான பதம். மூடி ஒரு மணி நேரம் விடுங்கள், ஈரம் தானாகப் பரவும். பிறகு அழுத்திச் சேர்த்து, பாஸ்தா இயந்திரத்தின் அகலமான இடைவெளியில் விடுங்கள். முதல் தடவை ஓரமெல்லாம் கிழியும். மடித்து நான்கைந்து முறை விட்டால் வழவழப்பான தகடு வரும். அரை மணி ஓய்வுக்குப் பின் 1.5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டி, சோளமாவு தூவி, மூடி ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நிறமும் இழுவையும் அந்த ஒரு நாளில்தான் சீராகும். மூன்று நாள் தாண்டினால் மாவின் நொதிகள் வேலைசெய்து சாம்பல் நிறம் தட்டும்.

நிறையத் தண்ணீர் தளதளக்கும்போது போட்டு ஒன்றரை நிமிடத்தில் எடுத்து, நன்றாக உதறி வடித்துச் சூப்பில் சேருங்கள். சூப்பிலேயே வேகவைத்தால் காரமெல்லாம் அதில் இறங்கிச் சுவையை மழுக்கிவிடும். வெந்த இழை ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: சாறு பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் வெளுத்துப்போகும்.