டாக்ஸிசைக்ளினும் ஒரு டம்ளர் பாலும்

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் கூடவே சில கட்டளைகளும் போடுவார். பாலோடு விழுங்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடித்தால் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணி என்றால் பெரும்பாலும் வேறு மருந்துக்குப் போய்விடுவார். தனித்தனி விதிகள் போலத் தெரிந்தாலும் இவற்றின் வேர் ஒன்றுதான்: இந்த மூலக்கூறுக்கு உலோக அயனிகள் மீது அப்படியொரு ஈர்ப்பு. கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் என எது அருகில் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவை அது அடக்குவதும் இதே குணத்தால்தான்.

டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது டாக்ஸிசைக்ளின். நான்கு வளையங்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் மூலக்கூறு. அதன் ஒரு விளிம்பு முழுக்க ஆக்ஸிஜன் அணுக்கள். உலோக அயனியைப் பற்றுவது அந்த விளிம்புதான். பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும் மருந்து நேராக ரைபோசோமுக்குப் போகிறது. புரதம் தயாராகும் இடம் அது. அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ. வந்து அமர வேண்டிய இடத்தில், மெக்னீசியத்தைத் துணையாகப் பிடித்துக்கொண்டு மருந்து உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த அமினோ அமிலம் உள்ளே வர வழியில்லை. புரத உற்பத்தி அப்படியே நின்றுபோகிறது. மருந்து உட்காரும் இடத்தை அணு அளவில் காட்டிய ஆய்வுகளில் ஒன்று 2000-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணனின் குழு செய்தது. சிதம்பரத்தில் பிறந்த அவருக்கு ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் செல்களிலும் ரைபோசோம் உண்டு, ஆனால் அமைப்பு வேறு. தவிர, பாக்டீரியா இந்த மருந்தைத் தானே உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. நம் செல்கள் அப்படிச் செய்வதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். மிச்ச வேலை நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துடையது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிட்டால், முடங்கிக் கிடந்தவை மறுபடி எழுந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்த மருந்தின் அருமை தெரிய உண்ணிக் காய்ச்சலைப் பார்த்தால் போதும். ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா, புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிகளின் இளம்புழு கடிப்பதால் உடம்புக்குள் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். எல்லோருக்கும் இருக்காது, இருந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவாக இருப்பதால் தேடினால்தான் கிடைக்கும். இந்தப் பாக்டீரியா நம் செல்களுக்கு உள்ளேயே குடியிருப்பது. டைபாய்டு என்று நினைத்து செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தால் காய்ச்சல் அசையாது. செல்லுக்குள் நன்றாக நுழையக்கூடிய டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஊசியை விட மலிவான மாத்திரை ஜெயிக்கும் அபூர்வமான இடம் இது. நோய் முற்றியவர்களுக்கு மட்டும் கதை வேறு. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வில், சுமார் 800 நோயாளிகளில், டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தது, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்ததை விட நல்ல பலன் தந்தது.

சரி, பாலுக்கு வருவோம். பாலில் இருக்கும் கால்சியம் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்த கூட்டுப்பொருளைக் குடல் எளிதில் உறிஞ்சாது. பழைய டெட்ராசைக்ளினுக்கு இது பெரும் நஷ்டம். டாக்ஸிசைக்ளினில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், வயிற்றுப் புரட்டலும் குறையும். மோர்சாதத்துக்குப் பதில் ரசம்சாதம் என்று மாற்றிக்கொண்டால் போதும். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அசிடிட்டி மருந்துகள் இன்னும் மோசமாக மறிக்கும். எல்லாவற்றையும் விடத் தொந்தரவானது இரும்புதான். டாக்ஸிசைக்ளின் ரத்தத்தில் கலந்த பிறகும் ஒரு பகுதி பித்தநீரோடு குடலுக்குத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சப்படுகிறது. அப்போது குடலில் இரும்பு இருந்தால் அங்கே வைத்துப் பிடித்துவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துப் போட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் நாட்களில் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரையே கேட்டுவிடுவது நல்லது.

கால்சியம் நம் உடம்பிலேயே குவிந்து கிடக்கும் இடங்கள் எலும்பும் பல்லும். வளரும் பல்லில் டெட்ராசைக்ளின் படிந்தால் மஞ்சளாகி, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். கருவிலும் சிறு வயதிலும் பல் உருவாகும் காலம் என்பதால்தான் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தடை வந்தது. டாக்ஸிசைக்ளினுக்குக் கால்சியத்தின் மீது பிடிப்பு குறைவு. குறுகிய நாட்களுக்குக் கொடுத்தால் பல்லில் கறை விழுவதில்லை என்று பின்னாளில் தெரிந்ததால், உண்ணிக் காய்ச்சல் போன்ற ஆபத்தில் இப்போது குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். எலும்பில் படிந்த டெட்ராசைக்ளின் புறஊதா ஒளியில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சுடானின் நூபியா பகுதியில் கிடைத்த சுமார் 1,500 ஆண்டு பழைய எலும்புகள் இப்படி ஒளிர்வதை மானுடவியலாளர் ஜார்ஜ் ஆர்மெலாகோஸின் குழு 1980-இல் அறிவித்தது. மண்ணில் வாழ்ந்து டெட்ராசைக்ளினைச் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் நுண்ணுயிர் சேர்ந்த தானியத்தில் காய்ச்சிய பீரை அந்த மக்கள் வழக்கமாகக் குடித்திருக்க வேண்டும் என்பது ஆய்வுக் குழுவின் விளக்கம்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உலோகத்தோடு சம்பந்தமில்லாதவை. இந்த மாத்திரை கரைந்தால் நல்ல அமிலம். இரவில் படுக்கப்போகும் நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால், உணவுக்குழாயின் பாதியிலேயே ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் வலிக்கும். மாரடைப்போ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும் உண்டு. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்தோ நின்றோ இருப்பது: என்னைக் கேட்டால் பாலை விட இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்தது வெயில். தோல் சீக்கிரம் கருகிச் சிவக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் குடையும் தேவை.

இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்தான ஆரியோமைசின் 1948-இல் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் வெளிவந்தது. மிசௌரியின் ஒரு மண் மாதிரியிலிருந்து அதைப் பிரித்தவர், எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே நிறுவனத்தில்தான் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் அந்த மருந்தைச் சிறிதளவு கலந்தால் குஞ்சுகள் வேகமாக வளர்வதும் தெரியவந்தது. அப்புறம் உலகம் முழுக்கத் தீவனத்தில் டன் கணக்கில் கொட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006-இல்தான் முழுதாகத் தடை செய்தது. இடைப்பட்ட காலத்தில் பாக்டீரியா சும்மா இருக்கவில்லை. பல பாக்டீரியாக்களிடம், மருந்து உள்ளே வரவர வெளியே தள்ளும் புரதப் பம்பு இருக்கிறது. மெக்னீசியத்தைப் பிடித்திருக்கும் நிலையில்தான் மருந்தை அந்தப் பம்பு அடையாளம் கண்டு வெளியே தள்ளுகிறது. மருந்தின் பலமே அதற்குக் காட்டிக்கொடுக்கும் குறியாகிவிட்டது. பம்புக்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் கூடியது.

சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இந்த மாத்திரை எதையும் செய்யாது. குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பம்பு பழக வாய்ப்பு தருவது மட்டும்தான் மிச்சம். மாத்திரை அட்டையின் சிவப்புக் கோட்டுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதுதான் பொருள். எத்தனை நாள் என்பதும் நோயைப் பொறுத்தது: காலராவுக்கு ஒரே வேளை, உண்ணிக் காய்ச்சலுக்கு வழக்கமாக ஒரு வாரம், முகப்பருவுக்கு மாதக்கணக்கு. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடலாம். கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.